திரையில் நின்ற சுபிரா

தெற்குக் காற்று காலையிலிருந்தே பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையிலுள்ள தாங்காவிலிருந்து பெம்பாத் தீவுக்கு வரவேண்டிய பயணிப் படகு சுபிராவை இன்னும் காணோம். துறைமுகக் காவல் அறையில் இருந்த ஃபக்கி ஷாமே ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தான். அவன் மனைவி பிகோம்போ அந்தப் படகில்தான் வந்துகொண்டிருந்தாள். அவளுடைய கைபேசிக்கு அழைப்பே போகவில்லை.

படகுகளின் கூரைக் கருவிகள் அனுப்பும் இருப்பிடத்தைக் காட்டும் கணினியைத் திறந்த பிறகுதான் மூச்சு வந்தது. ஃபுண்டோ தீவின் மறைவில் ஒரு நீலப் புள்ளி நின்றது. தொட்டதும் விவரம் விரிந்தது: சுபிரா, பயணிப் படகு, நீளம் இருபத்திரண்டு மீட்டர், வேகம் பூஜ்யம். காற்று வலுத்தால் எல்லோரும் அந்தத் தீவின் பின்னால்தான் ஒதுங்குவார்கள். அங்கே கைபேசிக்குச் சிக்னலும் கிடைக்காது. படகுத் தலைவன் சமர்த்தன் என்று ஃபக்கி மனதுக்குள் மெச்சிக்கொண்டான்.

மீனவர் மகாமே தன் விசைப்படகோடு தயாராக வந்து நின்றார். வெளிக்கடல் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். ஃபக்கி திரையை அவர் பக்கம் திருப்பினான்.

"இங்கதான் நிக்குது பாருங்கண்ணே. வீணா டீசலக் கொளுத்தாதீங்க."

"பொண்டாட்டி லேட்டா வந்தா உனக்குக் கொண்டாட்டம்தான்" என்று சிரித்துவிட்டு மகாமே கரையிலேயே குந்திக்கொண்டார்.

பொழுது சாயும் நேரத்தில் காற்று தணிந்தது, புள்ளியும் நகர்ந்தது. காத்திருந்த ஜனங்கள் துறைக்கு ஓடினார்கள். ஃபக்கியும் ஓடினான். முனையைச் சுற்றிக்கொண்டு வந்தது சுபிராவின் முதலாளிக்கே சொந்தமான, சிமெண்டு ஏற்றும் இன்னொரு படகு. பின்னால் வேறு எதுவும் வரவில்லை.

கயிறு வீசிய மாலுமியிடம் சுபிரா எங்கே என்று கேட்டான். தீவுக்குப் பின்னால் தங்களைத் தவிர ஒரு படகும் இல்லை என்றான் அவன். அந்தப் படகின் கூரைமேல், தூசி படிந்த கருவி ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது.

"இது யாரோடது?"

"சுபிராவோடது சார். முந்தாநாள் செக்கிங்குக்காக வாங்கி மாட்டினோம். திருப்பிக் குடுக்கறதுக்குள்ள அவங்க கிளம்பிட்டாங்க."

சோதனை வந்தால் ஒரே கருவியைப் படகுக்குப் படகு மாற்றி மாட்டிக் காட்டுவது இந்தக் கரையில் முதலாளிமார்களின் சாமர்த்தியம். ஊருக்கே தெரியும். ஃபக்கிக்கும் தெரியும். எந்தக் கூரையில் ஏற்றினாலும் அந்தச் சனியன் சுபிராவின் பெயரையும் நீளத்தையும்தான் ஒப்பிக்கும். இது இன்று ஒரு முறைகூட அவன் புத்தியில் உறைக்கவில்லை. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மகாமேயிடம் ஓடி விஷயத்தைச் சொன்னான். அவர் எழுந்து ஓடினார். படகில் குதித்து இஞ்சினை முடுக்கினார்.

"ஏறு. எந்தப் பக்கம் போகணும்?"

ஃபக்கி கடலைப் பார்த்தான். தாங்கா வரைக்கும் இருட்டிக்கொண்டு வந்தது.

"தெரியலண்ணே" என்றான்.