கோட்டைத் தொடாத ரத்தம்

"இன்னாம்மா, இருக்கற ரத்தத்தையெல்லாம் உறிஞ்சிக்கினு பூடுவ போலக்குதே. நம்ம பக்கத்துப் பொண்ணுதான நீ, போதும் வுடு."

சுலோச்சனா இப்படிச் சொன்னதும் மோகனப்ரியா ஊசியை எடுத்துவிட்டாள். விஜயபுரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திருப்பதிக்கு வந்து, ஆஸ்பத்திரி லேபில் நாளெல்லாம் தெலுங்கு பேசுகிறவள். ஊர்ப்பேச்சு காதில் விழுந்ததும் மனசு இளகிவிட்டது. நீல மூடிக் குழாயில் ரத்தம் அளவுக் கோட்டைத் தொடவில்லை, பாதிதான். கட்டிலில் சுலோச்சனாவின் கணவர் மாசிலாமணி பித்தப்பைக் கல் வலியில் சுருண்டு கிடந்தார். அன்று அவருக்கு ஆபரேஷன்.

ரத்தம் உறைய வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரமாகிறது என்றது மெஷின். கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது என்று மயக்க மருந்து டாக்டர் ஹரிபாபு ஆபரேஷனை நிறுத்திவிட்டார். சர்ஜன் வெளியூர்க்காரர், இனி அடுத்த வாரம்தான் வருவார். அதுவரை மாசிலாமணி இந்த வலியோடு கிடக்க வேண்டும்.

லேபில் மோகனப்ரியாவுக்குச் சேதி வந்தது. அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். சட்டென்று பொறி தட்டியது. ரத்தம் உறையாமலிருக்கக் குழாய்க்குள் முன்பே ஒரு மருந்துநீர் இருக்கும். கோடுவரை நிறையும் ரத்தத்துக்கான அளவு அது. பாதி ரத்தத்தில் அதன் கை ஓங்கிவிடும். உறைவதற்கு நேரமாகாமல் என்ன செய்யும்? கோளாறு அவருடைய ரத்தத்தில் இருக்காது!

படியிறங்கி ஓடினாள். பாதிதான் எடுத்தேன், தப்பு என்னுடையது என்று மூச்சிரைக்க ஹரிபாபுவிடம் சொன்னாள். அவர் தெலுங்கில் நன்றாகத் திட்டினார். சர்ஜன் கிளம்புவதற்குள் மறுபடி எடுத்துப் பார்க்கவும் சொன்னார்.

திரும்பவும் ஊசியா என்று சுலோச்சனா வழிமறித்தாள். மாசிலாமணி பல்லைக் கடித்தபடி கையை நீட்டினார்.

"நீ எடும்மா. அவள இன்னா கேட்டுக்கினு? அவ ரத்தமா போவுது?"

இம்முறை ரத்தம் கோட்டைத் தொட்டது. மெஷின் முன்னால் மோகனப்ரியா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் எண் வந்தது. எல்லாருக்கும் வருகிற சாதாரண எண்தான். அதைக் காகிதத்தில் அச்சடித்து எடுத்துக்கொண்டாள்.

போனில் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை, ஓடினாள். வாசலில் காரின் கதவைத் திறந்துகொண்டிருந்த சர்ஜன் காகிதத்தை வாங்கிப் படித்தார். கதவைச் சாத்திவிட்டு உள்ளே நடந்தார்.

ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. தியேட்டர் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. மோகனப்ரியாவுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. சுலோச்சனாவின் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள்.