புள்ளி இல்லாத மேனேஜர்

ஸ்டூடியோக்காரர் பார்க்காத முகம் கிடையாது. கேமராவைக் கண்டதும் வீல் என்று அலறும் கைக்குழந்தை, சிரிக்கச் சொன்னால் பல்வலி வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும் வக்கீல், சரியாகப் பட்டனை அமுக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் மாப்பிள்ளை என்று எல்லோரையும் வழிக்குக் கொண்டுவந்தவர் அவர். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு மீன் படுத்திய பாடு இருக்கிறதே, அதை எங்கே போய்ச் சொல்ல!

மீன் அவருடையது இல்லை, மனைவியுடையது. உள்ளங்கை அளவுக்குக் கரிக்கட்டை நிறத்தில் இருக்கும். இரண்டு கண்ணும் வெளியே பிதுங்கி, எதைச் செய்தாலும் குற்றம் கண்டுபிடிக்கிற மாதிரி உற்றுப் பார்க்கும். அதனால் அவள் வைத்த பெயர் மேனேஜர். துணிக்கடையில் பில் போடும் வேலையை விட்டு அவள் வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு வந்தது அது. புருஷன் காலையில் கடை திறக்கப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். ஒரே மகளும் கல்யாணமாகி எங்கேயோ தூரத்தில். பகல் முழுக்க அவள் பேச்சைக் கேட்க அந்த வீட்டில் இருந்த ஒரே ஜீவன் மேனேஜர்தான். வாயைத் திறந்து திறந்து மூடி அது பதிலும் சொல்லும். புருஷனுக்கு அது எவ்வளவோ மேல் என்று அவளே வாய்விட்டுச் சொல்வாள்.

அந்த மேனேஜருக்குத்தான் உடம்புக்கு வந்துவிட்டது.

"ஏங்க, சாப்பாடு போட்டா எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்குது. மூலையில போய் ஒண்டிக்குது. உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையா என்னமோ பொடிப் பொடியா இருக்குங்க."

"தண்ணியில தூசி இருக்கும்."

"தூசின்னா அது போற எடமெல்லாம் கூடவே போகுமா?"

மீன்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் வேறு ஊரில் இருந்தார். போனில் கறாராகப் பேசினார். "தப்பான மருந்தை ஊத்தினா அதுவே கொன்னுடும்மா. நான் பாக்காம எதுவும் சொல்ல மாட்டேன். பக்கவாட்டுல, செதில் செதிலா தெரியற மாதிரி ஒரு படம் அனுப்புங்க."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "படம்தானே டாக்டர்? எங்க வீட்டுக்காரருக்குத் தொழிலே அதுதான்!"

தொழில்தான். ஆனால் தொட்டிக்கு முன்னால் நின்றதும் தொழில் காலை வாரிவிட்டது. ஃப்ளாஷ் போட்டார். கண்ணாடியில் வெளிச்சம் பட்டுத் தெறித்து, படம் முழுக்க ஒரு வெள்ளைத் திட்டு. ஃப்ளாஷை அணைத்து எடுத்தார். கண்ணாடியில் அவருடைய தொப்பைதான் தெரிந்தது, தொப்பைக்குள்ளே மேனேஜர் நீந்திக்கொண்டிருந்தது. அடுத்த படத்தில் கண்ணாடியில் படிந்திருந்த பாசி அட்டகாசமாக விழுந்திருந்தது. மீன் மட்டும் மங்கல்.

"சார், லேசா முகத்தை இடது பக்கம் திருப்புங்க. அப்படியே இருங்க," என்றார் பழக்க தோஷத்தில்.

"தோளை இறக்கச் சொல்லுங்க, கேக்கும்," என்றாள் அவள்.

"அதுக்குத் தோள் எங்கடி இருக்கு!"

பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அறை விளக்கை அணைத்து, தொட்டிக்கு நேர் மேலே மட்டும் ஒரு விளக்கைக் கட்டினார். தன் நிழல் விழாமல் இருக்கக் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி நேராக வைத்தார். மீன் பின்னால் போய்விடாதபடி தொட்டிக்குள் ஒரு கண்ணாடித் தகட்டை இறக்கி, முன்பக்கம் ஒரு சந்து மாதிரி விட்டார். மீனைத் துரத்திக்கொண்டு ஓடாமல், அது வரும் இடத்தில் குறியை வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வந்தது பாருங்கள் மேனேஜர், அசைந்து அசைந்து, கல்யாண வீட்டில் மாமனார் நடக்கிற மாதிரி! சடசடவென்று தட்டித் தள்ளினார். அதில் ஒன்று அப்படி விழுந்திருந்தது. கண்ணின் வளையம் தெரிந்தது, செதிலின் விளிம்பு தெரிந்தது. மனிதருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

மறுநாள் கடைக் கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டார். மீனைச் சுற்றித் தண்ணீரில் மிதந்த தூசியெல்லாம் வெள்ளை வெள்ளையாக விழுந்திருந்தது. எதிரே ஒரு அம்மாள் தன் மகனுக்குப் பெண் தேடும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். காது அங்கே இருந்தது, கை இங்கே வேலை பார்த்தது. பருவோடும் தழும்போடும் ஒரு முகம்கூட அவர் கடையைவிட்டு வெளியே போனதில்லை. அது அவருக்குப் பெருமை. படத்தைப் பளிச்சென்று ஆக்கி டாக்டரம்மாவுக்கு அனுப்பினார்.

"அருமையான படம் சார்!" என்றார் டாக்டரம்மா. "உடம்புல ஒரு குறையும் இல்லையே. தண்ணிய மட்டும் கொஞ்சம் மாத்திப் பாருங்க."

"வீட்டுல வெள்ளைப் புள்ளி இருக்குன்னு சொல்றாளே டாக்டர்."

"இவ்வளவு தெளிவா இருக்கு, ஒண்ணுகூட இல்லையே சார். காத்துக் குமிழி ஒட்டியிருக்கும்."

அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. தண்ணீரை மாற்றினார்கள். மேனேஜர் தேறவில்லை. கல்லில் போய் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தது. அவள் புள்ளி இருக்கிறது என்றாள். அவர் படத்தை நீட்டினார். படத்தில் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் மண்டியிட்டு, ஒரு கண்ணில் மீனும் ஒரு கண்ணில் போனுமாக மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு வெள்ளெழுத்து வேறு, மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற பழக்கமும் கிடையாது. தொட்டியில் என்னவோ மினுக்கிற மாதிரி இருந்தது, படத்தில் சுத்தமாக இருந்தது. ஒரே மீன், இரண்டு விதமாக எப்படி இருக்கும்? மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

"என் கேமராவுல ஒரு முடி விழுந்தாக்கூடத் தெரியும்," என்றார் கடைசியில். "அதுல இல்லாதது உனக்கு மட்டும் எப்படித் தெரியுது? உன் கண்ணுலதான் ஏதோ கோளாறு."

சொன்னதோடு விட்டாரா? கண்ணாடிக் கடைக்கும் கூட்டிப்போனார். அந்தக் கடைக்காரர் சோதித்துவிட்டு, லேசாகப் பவர் இருக்கிறது என்றார். பார்த்தாயா என்கிற மாதிரி இவர் தலையாட்டினார். புதுக் கண்ணாடி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவள் தொட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள்.

"இப்ப இன்னும் நெறைய தெரியுதுங்க," என்றாள்.

அதற்கப்புறம் அவள் புள்ளியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. வேறு விதமாக ஆகிவிட்டாள். எத்தனை வருஷம் பில் போட்டவள், ஒரு எழுத்துப் பிசகாதவள்! "அடுப்பை அணைச்சேனா, கொஞ்சம் பாருங்க," என்று கேட்க ஆரம்பித்தாள். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தாள். மேனேஜரிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். தனக்கு என்னவோ ஆகிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு உள்ளூர உதறல். அவருக்கோ ஒன்றும் பிடிபடவில்லை. மீன் தேறாததும் புரியவில்லை, பெண்டாட்டி வாயை மூடிக்கொண்டதும் புரியவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் கிரேன் ஓட்டும் ஆள் ஒருவர் கடைக்குள் நுழைந்து படங்களை மேஜைமேல் வீசினார்.

"சார், என் மச்சம் எங்க சார்?"

"என்னது?"

"அடையாளம், வலது கன்னத்துல மச்சம்னு லைசென்ஸ் மனுவுல எழுதிக் குடுத்திருக்கேன். படத்துல கன்னம் மொழுமொழுன்னு இருக்கு. வேற ஆளு படம்னு சொல்லி விரட்டிட்டாங்க. யாரு சார் உங்களை எடுக்கச் சொன்னது?"

"அழகா இருக்கட்டும்னு... கை தானா..."

அவ்வளவுதான். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றவரை அப்படியே விட்டுவிட்டு, கேமரா கார்டைத் தேடி எடுத்துச் சொருகினார். கை படாத படம் திறந்தது. மேனேஜர் உடம்பு முழுக்க, வால் நுனிவரை, யாரோ உப்பை அள்ளித் தூவின மாதிரி இருந்தது. தண்ணீரின் தூசியைத் துடைத்த கை, அதே மும்முரத்தில் மீனையும் துடைத்திருக்கிறது! அட பாவி மனுஷா, என்று தன்னைத்தானே வைதுகொண்டார்.

"இதை ஏன் முதல்லயே அனுப்பல?" டாக்டரம்மா போனில் சீறினார். "இது வெள்ளைப்புள்ளி நோய் சார். அப்பவே பாத்திருந்தா சுலபமா போயிருக்கும். இப்ப முத்திடுச்சு. மருந்து சொல்றேன், ஓடுங்க."

ஓடினார். மருந்தோடு மூச்சிரைக்க வீட்டுக்குள் வந்தார். அவள் புட்டியை வாங்கினாள். அளந்து ஊற்றினாள், கலக்கினாள், கையைத் துடைத்தாள். அதற்குப் பிறகு அவர் சொன்னார், மென்று முழுங்கி, அங்கே ஆரம்பித்து இங்கே விட்டு, எல்லாவற்றையும். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?" என்றாள் அவள். அதைச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இரண்டு வசவு விழுந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

மேனேஜர் பிழைக்கவில்லை. மருந்து பிடிப்பதற்குள் ஒரு காலையில் ஒருச்சாய்ந்து மிதந்தது. அவளே எடுத்துச் செடித் தொட்டியில் புதைத்தாள்.

வீடு வெறிச்சென்று கிடந்தது. அவளிடம் என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கடையில் உட்கார்ந்து அந்த அழகான படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் மாட்டி, பழுப்புக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்தார். அவள் பிரித்துப் பார்த்தாள்.

"இது யாரு?"

"என்னம்மா, நம்ம மேனேஜர்தான்."

"நம்ம மேனேஜர் உடம்பெல்லாம் புள்ளி. அது செத்தது அதுலதான். அந்தப் படத்தைப் போட்டுக் கொண்டாங்க."

அவர் திருதிருவென்று விழித்தார். "நோவோட இருக்கற படத்தைப் போய் யாராவது சுவத்துல மாட்டுவாங்களா?"

"எனக்கு அதுதான் வேணும்."

ஒன்றும் விளங்காமலேதான் கடைக்குத் திரும்பிப் போனார். கை படாத படத்தைத் திறந்தார். பழக்கப்பட்ட கை மௌஸை நோக்கிப் போயிற்று. சட்டென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். உள்ளது உள்ளபடியே அச்சுப் போட்டு எடுத்துவந்தார்.

அவள் அதை வாங்கி ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தன் புடவைத் தலைப்பில் நன்றாகத் துடைத்து, மறுபடி அவருக்கே மாட்டிவிட்டாள். படத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இப்பப் பாருங்க. தெரியுதா?"

"தெரியுதும்மா," என்றார் அவர்.