ஆயேர் பாசாங் உள்ள மனை

தொப்பென்று விழுந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்து வேதநாயகம் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, கூரையிலிருந்து ஒரு சாண் அகலச் சுண்ணாம்புக் காரை கோழிக் குழம்புச் சட்டிக்குள் இறங்கியது.

வேறு யாராவது என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிக் கூரையைப் பூச வைத்திருப்பார்கள். வேதநாயகம் பினாங்கில் ஒரு கப்பல் கம்பெனியில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. பெரிய கிராணிகள் காரைக்காக யாரிடமும் போய் நிற்பதில்லை. சொந்த வீடு கட்டுகிறார்கள். சட்டையில் தெறித்த குழம்பைத் துடைப்பதற்குள் அவர் வாசலில் இரண்டு தூண் நிறுத்தி, மாடி எழுப்பி, ஆபீஸ் துரையை விருந்துக்கும் அழைத்துவிட்டார். எல்லாம் மனத்துக்குள்தான். மறுநாள் ஆபீசில் தூண்களின் உயரத்தைக்கூடச் சொல்லிவிட்டார்.

பணத்துக்கும் வழி கண்டார். மனைவி தெரேசாவின் கல்யாண நகைகளை விற்றுச் செங்கல் வாங்குவது என்று முடிவாயிற்று. நகைக்குச் சொந்தக்காரிக்கு இந்த முடிவு கடைசியாகத் தெரிவிக்கப்பட்டது.

புதன்கிழமை காலையில் தரகர் காஜா மொய்தீனுடன் போய் ஒரு மனையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"சுங்கை பினாங்ல, ஆத்தோரமா. தரை காஞ்சு கெட்டியா கெடக்கு. காத்து சும்மா பிச்சிக்கிட்டுப் போவுது."

"தண்ணிக்கு என்னங்க வழி?" என்றாள் தெரேசா.

"அதுதான் விசேஷமே. ஆயேர் பாசாங் இருக்குன்னு பாயே சொன்னாரு."

மலாயில் ஆயேர் என்றால் தண்ணீர். பாசாங் என்றால் மாட்டுவது, பொருத்துவது. ஆபீசில் விளக்குப் பொருத்த வந்த மலாய்க்காரர் வாயிலிருந்தே வேதநாயகம் கற்ற சொல் அது. ஆகவே மனையில் குழாய் பொருத்தியாயிற்று. குழாய் எங்கே என்று தேடிப் பார்ப்பதெல்லாம் சின்ன கிராணிகள் செய்கிற காரியம்.

தெரேசா அவர் முகத்தையே சற்றுப் பார்த்தாள். "சனிக்கிழமை நாலு மணிக்கு நானும் வர்றேன். பாத்துட்டு, வர்ற வழியில நகையைக் கடையில குடுத்துடலாம்லா."

இவ்வளவு இணக்கமான மனைவி தமக்கு வாய்த்ததில் அவருக்கு ஆச்சரியமே இல்லை.

சனிக்கிழமை ரிக்ஷாவில் நகைப் பையை மடியில் வைத்துக்கொண்டு தெரேசா வந்தாள். காஜா மொய்தீன் காத்திருந்தார். வேதநாயகம் குடை நுனியால் தரையில் கோடு கிழித்தார்.

"இது ஹாலு. இது படுக்கிற ரூம்பு. தொரை இங்க உக்காருவாரு."

துரை உட்காரும் இடத்தில் முதலில் ஒரு நண்டு வந்து எட்டிப் பார்த்தது. பின்னாலேயே தண்ணீர் வந்தது. எந்தக் கூச்சமும் இல்லாமல் ஹாலைக் கடந்து, படுக்கையறைக்குள் நுழைந்து, வேதநாயகத்தின் பூட்ஸுக்குள்ளும் குடியேறியது.

"என்ன பாய் இது?"

"ஆயேர் பாசாங், கிராணி ஐயா. கடல் பொங்குனா ஆத்துலயும் தண்ணி ஏறும்லா, மலாய்ல அதுக்கு அதான் பேரு. நானும் திருப்பித் திருப்பிச் சொன்னேன். நீங்கதான் ரொம்ப வசதின்னீங்க."

"அப்ப குழாய்?"

"குழாய் என்னாத்துக்கு? தண்ணிதான் அதுவா வருதே."

வேதநாயகம் கணுக்கால் தண்ணீரில் நின்றபடி ஆபீசை நினைத்தார். தூண்களை நினைத்தார். தெரேசாவின் பையைப் பார்த்தார்.

"மரக்கால் நட்டுத் தூக்கிக் கட்டிட்டா என்ன?"

"தாராளமா," என்றார் காஜா மொய்தீன். "ஆபீசுக்குப் போய்வர ஒரு படகும் வாங்கிக்குங்க. நம்ம மச்சான்கிட்ட ஒண்ணு சும்மா கெடக்கு."

படகில் வந்து இறங்கும் துரையை வேதநாயகத்தால் கற்பனை செய்ய முடியவில்லை. பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ரிக்ஷாவில் ஏறினார். பாதி வழியில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்லா யோசிச்சுப் பாத்தேன். நமக்கு வாடகை வீடுதான் தோது."

"சரிங்க."

"ஒனக்கு மட்டும் நாலு வார்த்தை மலாய் தெரிஞ்சிருந்தா இந்த அலைச்சலே இருந்திருக்காது."

தெரேசா பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பொதன்கெழமையே தெரியும்ங்க. வேணாம்னு நான் சொன்னா நீங்க கட்டியே தீருவீங்க, அதான் மீன்காரி ரோஹானாகிட்ட தண்ணி ஏறுற நேரத்தைக் கேட்டு வச்சிக்கிட்டேன்."