கிரேட்டிங்கில் வைத்த பொட்டு

1961இல் பழனியில் ஒரு கல்லூரியில் நான் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர். முன்கோபம் இருந்தது; எல்லாம் தெரியும் என்ற நினைப்பு அதைவிட அதிகம் இருந்தது.

கொடைக்கானல் பள்ளி ஆசிரியர் அமானுல்லா தன் சொந்த கிரேட்டிங்கை எங்களுக்கு இரவல் தந்திருந்தார். கண்ணாடித் துண்டின் மேல் பாலாடை போல ஒரு படலம். அதில் அங்குலத்துக்குப் பதினைந்தாயிரம் கோடுகள். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி அதில் பட்டால் இரண்டு பக்கமும் விலகிப் பிரியும். விலகிய கோணத்தை அளந்தால் ஒளியின் அலைநீளம் கைக்கு வந்துவிடும். கோடு போட்ட பக்கத்தைத் தொடவே கூடாது. அட்டெண்டர் நாச்சிமுத்துவிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். "யோவ், அதத் தொட்டா ஒன் வேல போயிரும்." என்னைவிட இருபது வயது மூத்தவர் அவர்.

ஆயுத பூசை அன்று தராசு, ஸ்பெக்ட்ரோமீட்டர் எல்லாவற்றுக்கும் நானே சந்தனம் வைத்தேன். கிரேட்டிங்கையும் விடவில்லை. மோதிர விரலால் நடுவில் அழுத்தமாக ஒரு பொட்டு. விடுமுறை முடிந்து வந்து வேட்டி நுனியால் துடைத்து வைத்தேன். சுத்தமாகத்தான் தெரிந்தது.

வகுப்பில் மஞ்சள் கோடுகள் கலங்கித் தெரிந்தன. ஆளுக்கொரு கோணம் வந்தது. பிரின்சிபால் கூப்பிட்டுக் கேட்டார்.

"நாச்சிமுத்து தொடச்சிருப்பான் சார்."

என் வாய்தான் சொன்னது. கதவருகே நின்றிருந்த நாச்சிமுத்து என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்றார். அந்த வாரமே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

கிரேட்டிங்கை வாங்கிப்போக அமானுல்லா மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அதைச் சாய்த்துப் பார்த்தார். வானவில் நிறங்களின் நடுவே ஒரு மங்கல். லென்ஸை எடுத்தார்.

"ஈரம் பட்டு ஊறிருக்கு சார். ஊறின எடத்துல கைரேகை பதிஞ்சா அழியாது."

ரேகையின் குறுக்கே ஒரு சாய்ந்த வெட்டு இருந்தது. நான் டீ கிளாஸை நீட்டிக்கொண்டிருந்தேன். அவர் பார்வை என் மோதிர விரலில் இருந்த பழைய வெட்டுத் தழும்பில் நின்றது.

"அரிவாமணையா சார்?"

"ஆமா."

அவர் கிரேட்டிங்கைத் தாளில் சுற்றிப் பையில் வைத்துவிட்டு, டீயை மிச்சமில்லாமல் குடித்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நேரே பிரின்சிபாலிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"பூசைக்கு வச்ச பொட்டுதானே, விடுங்க இராமலிங்கம்."

"நாச்சிமுத்துவோட வேல, சார்?"

"அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சே."

நாச்சிமுத்துவின் வேலையைப் பறித்த குற்றம் எனக்கு ஒரு சிரிப்போடு முடிந்துவிட்டது.

அவர் ஊரான ஆயக்குடிக்குப் போனேன். கொய்யா மண்டி வாசலில் நாச்சிமுத்து பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்ங்க" என்றார். "நீங்க பொட்டு வைக்கையில சந்தனக் கிண்ணத்தப் புடிச்சுக்கிட்டு நாந்தான நின்னேன்."

"அப்பவே தடுத்திருக்கலாமே?"

"ஐயா தொட்டா ஒண்ணும் ஆகாதாக்கும்னு நெனச்சுட்டேங்க."