சீல் வைத்த விடை

"ஒரே ஒரு நிமிஷம்," என்று வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான் தம்பி. அக்காவின் உடலைத் தூக்கி உள்ளே வைத்தாயிற்று. டிரைவர் இன்ஜினையும் போட்டுவிட்டார்.

"நீயே பஸ் ஓட்டுறவன். நேரம்னா என்னன்னு தெரியாதாடா?" என்றார் பெரியப்பா.

"இன்னைக்கு மட்டும் லேட்டா எடுக்கலாம் பெரியப்பா."

அவன் கண் ஃபோனிலேயே இருந்தது. அக்காவின் ஆய்வகத்தில் இந்நேரம் கடைசிச் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். ஒன்றாகப் பிறந்து ஆளுக்கொரு திசையில் போன இரண்டு ஒளித்துகள்கள், பிரிந்த பிறகும் பின்னிப் பிணைந்தே இருக்கின்றனவா? இருந்தால் கணக்கு இரண்டைத் தாண்டும். சாதாரணப் பொருள் எதுவும் தாண்டாது. அவனுக்குப் புரிந்தது அவ்வளவுதான். ஒருமுறை சாப்பாடு கொண்டுபோனபோது, கைக்கடிகாரத்தின் பச்சை முள் இருட்டில் மின்னியது என்று அவனை வெளியே துரத்தினாள். "ஒத்தத் துகளைப் பிடிக்கிற கருவிடா இது. உன் வாட்ச் அதுக்குச் சூரியன்!"

அளந்து முடித்து நாளாயிற்று. ஆனால் கருவிகளைச் சரிபார்க்கும்வரை விடையை யாரும் பார்க்கக் கூடாது என்று, ஓட்டுப்பெட்டிக்கு வைப்பதுபோல அவளே சீல் வைத்திருந்தாள். நேற்று ஆஸ்பத்திரியில் அவன் கெஞ்சினான்.

"ஒரு நாள் முன்னாடி பாத்தா என்னக்கா? குடியா முழுகிடும்?"

"சாகப்போறவளுக்காகப் பிரிச்சா அது விடை இல்லடா, ஆறுதல்." மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "நீ கேட்டுக்கோ, போதும்."

அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்படியும் ஒரு பிடிவாதமா?

ஃபோன் அடித்தது. அக்காவின் மாணவி, தடிமனான கண்ணாடிக்காக எல்லோரும் அவளை லென்ஸ் என்பார்கள்.

"அண்ணா..." அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "ரெண்டு புள்ளி ஆறுண்ணா! பிழையை எவ்வளவு கழிச்சாலும் தாண்டுது!"

"தாண்டிடுச்சு!"

அவன் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது. சாவு வீட்டு வாசலில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தான். கொஞ்சமும் வெட்கமாக இல்லை. யாருடைய தயவும் இல்லாமல், பரிதாபமும் இல்லாமல், அவள் ஜெயித்திருக்கிறாள்.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"அக்கா ஜெயிச்சுட்டா பெரியப்பா!"

பெரியப்பா விழித்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அதை வண்டிக்குள்ள படுத்திருக்கிறவளுக்கும் கேக்குற மாதிரி சொல்லேன்," என்றார்.

இன்னும் சத்தமாகச் சொன்னான். பிறகு ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஜன்னல் இல்லாத வண்டி. டிரைவர் கதவைச் சாத்தியதும் உள்ளே கும்மிருட்டு. அவன் மணிக்கட்டில் பச்சை முள் மின்னியது.

கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.