சம்பந்தி கொண்டுவந்த காளான்

அன்று எங்கள் சமையலறையில் இருந்தவர்கள் இவர்கள்: நான், என் மனைவி, சமீபத்தில் மணமான எங்கள் மகள், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தகப்பனாரான என் சம்பந்தி தையல்காரர், அவருடைய மனைவி, பிறகு என் மனைவியின் தம்பி. அவனை ஊரார் ரேடியோ என்பார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. இவர்களைத் தவிர வேறு எவரும் அங்கே இல்லை.

காளான் விஷயத்தில் எங்கள் வீட்டுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. மழை விட்டதும் காட்டோரத்துக்குப் போவோம். மழுங்கின கத்தியால் மண்ணைக் கிளறி அடியோடு எடுப்போம். ஒவ்வொரு வகைக்கும் தனிக் காகிதப் பை. வீட்டுக்கு வந்ததும் மேசைமேல் செய்தித்தாளை விரித்து, என் மனைவி ஒவ்வொன்றாகப் புரட்டுவாள். குடையின் உட்பக்கத்து மடிப்புகளைப் பார்ப்பாள், தண்டில் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பாள், முகர்வாள், கடைசியில் தண்டின் அடியைப் பார்ப்பாள். சந்தேகம் வந்தால் அந்தப் பை முழுவதும் கொல்லையில் குழி தோண்டிப் புதைக்கப்படும். அதைப் பறித்து வந்தவன் நானாகவே இருந்தாலும் சலுகை கிடையாது. எங்கள் கையால் வாங்கித் தின்ற அண்டை வீட்டார் ஒருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

சம்பந்தி வீட்டார் எங்களிடம் சாப்பிட வந்தது அதுதான் முதல் தடவை. மகள் அந்த வீட்டில் இன்னும் கால் ஊன்றவில்லை. மாமியார் அவளை அளந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம். இங்கே ஒரு முகம் கோணினால் அங்கே அவள்தான் அனுபவிக்க வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தையல்காரர் கையில் ஒரு கூடையோடு வந்தார். மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது.

“வர்ற வழியில மரத்தடியில கூட்டமா நின்னுச்சு சம்பந்தி. காளான் வீட்டுக்கு வெறுங்கையோட வரலாமா?” என்று துணியை விலக்கினார்.

அத்தனையும் வெள்ளைக் காளான். ஒரு பொட்டு மண் கிடையாது. தண்டுகள் எல்லாம் ஒரே அளவில் நறுக்கப்பட்டு, சட்டைப் பொத்தான்களைப் போல வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

“கத்திரிக்கோல் எப்பவும் என் பையில இருக்கும். அடியில அசிங்கமா இருந்ததெல்லாம் அங்கயே வெட்டிப் போட்டுட்டேன்.”

என் மனைவி ஒன்றை எடுத்தாள், திருப்பினாள், முகர்ந்தாள், வைத்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் பெரியவன் நான். நான்தான் பேச வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

அதற்குள் மகள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“மாமா, இதைச் சமைக்க முடியாது.”

சம்பந்தியம்மாள் மெல்ல நிமிர்ந்தாள். “ஏன்? எங்க வீட்டுக் கை பட்டா ஆகாதா?”

“அப்படியில்ல அத்தை. மேல பார்த்தா ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணுக்கு அடியில, மண்ணுக்குள்ள, ஒரு பை மாதிரி உறை இருக்கும். அதைச் சாப்பிட்டா ஆளைக் காப்பாத்துறதே கஷ்டம். அடியைப் பார்த்தாத்தான் பிரிக்க முடியும். இதுல அடி இல்லையே.”

“பூண்டு போட்டு வேகவை. பூண்டு கறுக்கலைன்னா காளான் நல்லதுதான்.”

“பூண்டுக்கு அதெல்லாம் தெரியாது சம்பந்தியம்மா. வேகவெச்சாலும் அது போகாது” என்றாள் என் மனைவி.

ரேடியோ கூடைக்குள் எட்டிப் பார்த்தான். “அக்கா, இதை நத்தை கடிச்சிருக்கு பாரு. நத்தையே தின்னிருக்கு, நமக்கென்ன?”

“நத்தை வயிறு வேற, உன் வயிறு வேற. நீ பேசாம வெங்காயத்தை உரி.”

மாப்பிள்ளை தம் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மாள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து போகப்போகிறவள் வைத்துக்கொள்கிற விதம் அது. தையல்காரரின் காதுமடல் சிவந்துவிட்டது.

“அப்ப நான் கொண்டுவந்தது ஆகாத சரக்குன்னு சொல்ற.”

“இல்ல மாமா. நல்லதாவும் இருக்கலாம். எனக்குத் தெரியல. தெரியாததை இந்த வீட்டுல சமைக்க மாட்டாங்க. நான் அங்க வந்தும் சமைக்க மாட்டேன். நீங்க அளவு எடுக்காம துணியில கத்திரிக்கோல் வைப்பீங்களா?”

அவள் குரலை உயர்த்தவில்லை, தலையையும் தாழ்த்தவில்லை. யாருக்கு முன்னால் பணிந்து போயிருந்தால் அவளுக்கு லாபமோ, அவருக்கு முன்னாலேயே சொன்னாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நான் சொல்லியிருந்தால் இத்தனை தெளிவாகச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்.

தையல்காரர் வெள்ளைத் துணியை எடுத்துக் கூடையை மூடினார்.

“வைக்க மாட்டேன்” என்றார். பிறகு என்னிடம், “மண்வெட்டி எங்க இருக்கு சம்பந்தி?”

“நீங்க உட்காருங்க, நான் பார்த்துக்கறேன்.”

“நான் வெட்டினது. நானே புதைக்கிறேன்.”

கொல்லையில் அவரே குழி தோண்டினார். தையல் தொழிலாளி தோண்டிய குழி, நான்கு மூலையும் நேராக இருந்தது. காளானைக் கொட்டி மூடிவிட்டு, கைகழுவி வந்து, தம் மனைவி மடியிலிருந்த கைப்பையை எடுத்து ஆணியில் மாட்டினார்.

“இனிமே நம்ம வீட்டுக்குள்ள காளான் வந்தா இவ பார்த்துச் சொல்லணும். இவ சரின்னு சொன்னாத்தான் அடுப்புல ஏறணும்.”

“பார்க்கட்டும். யார் வேண்டாம்னா?” என்றாள் சம்பந்தியம்மாள், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. சற்றுப் பொறுத்து, மகளைப் பார்க்காமலே, “அந்த உறை எப்படி இருக்கும்னு சொன்ன?” என்று கேட்டாள்.

மகள் ஒரு முட்டையை எடுத்து, ஓட்டின் மேல்பாதியை உடைத்துக் காட்டி, மிச்சமிருக்கும் அடி ஓட்டைப் போலத்தான் அந்த உறை என்று விளக்கினாள். இருந்த மற்ற முட்டைகளை என் மனைவி வெங்காயம் போட்டுப் பொரித்தாள். அதையும் ரொட்டியையும் சாப்பிட்டோம்.

தையல்காரர் விஷக் காளான் கொண்டுவந்தார், அதை நாங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிப் பட்டினியாகத் திருப்பி அனுப்பினோம் என்று இப்போது ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அது விஷம் என்று எங்கள் வீட்டில் எவரும் சொல்லவில்லை. தெரியாது என்றுதான் சொன்னோம். சம்பந்தி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.