அரைத் திருகு

அம்மா சக்கரம் வைத்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறி, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மகன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். அவளுக்கு முதுகில் அடிபட்டதிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. குளித்து உடுத்தி வர நேரமாகும், ஆனால் உதவிக்கு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. அதுவரை அவளுடைய பேட்டரி வண்டி, வெளியே போய்வரும் சக்கர நாற்காலி, கூடத்தில் காலியாக நிற்கும்.

மகன் லிஃப்ட் மெக்கானிக். சந்தேகமா, வேகத்தைக் குறை. இருபது வருஷமாக அவன் தொழிலில் அதுதான் வேதம். வண்டியின் இருக்கைக்கு அடியில் மூடியைக் கழற்றி, வேகத்துக்கான திருகை அரைத் திருகு திருப்பினான்.

போன மாதம் நடைபாதைச் சரிவில் வண்டி கவிழ்ந்து அம்மாவின் நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அவள் வெளியே கிளம்பினால் அவன் பத்தடி பின்னால் போனான். இரண்டாம் நாளே பிடித்துவிட்டாள்.

"திருட்டுப் பூனை மாதிரி பின்னாடி வராதடா. மானம் போகுது."

"விழுந்தா யாரும்மா தூக்குவா?"

"அன்னிக்கு மட்டும் நீயா தூக்கின? பழக்கடைக்காரர்தான் தூக்கினார்."

கடைசியில் ஒப்பந்தம் ஆனது. அவள் கழுத்தில் போனை மாட்டிக்கொள்வாள். அவன் பின்னால் வரமாட்டான், சத்தியம். சத்தியத்தை மீறாமல் என்ன செய்யலாம் என்று யோசித்துத்தான் திருகில் கை வைத்தான்.

குளித்து வந்த அம்மா வண்டியில் ஏறிக் கூடத்தில் ஒரு சுற்று வந்தாள். "என்னடா, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நகருது?"

"பேட்டரி பழசும்மா. அடுத்த மாசம் மாத்திடலாம்."

"அடுத்த மாசம், அடுத்த மாசம்! உன் வாய்க்கு ஒரு பேட்டரி போடணும்." சிரித்துக்கொண்டே கிளம்பினாள்.

சனிக்கிழமை மதியம் அவளை யாராலும் வீட்டில் பிடித்து வைக்க முடியாது. மெயின் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தையல்கார அக்காவின் கடை. துணி வெட்டும் மேஜையைச் சுற்றி நாலு பெண்கள் உட்கார்ந்து சீட்டாடுவார்கள். அம்மா சீட்டைக் கையில் எடுத்தால் தையல்கார அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வாளாம். அவ்வளவு கள்ளாட்டம்.

பின்னால் போகத்தானே கூடாது? மகன் நாலாவது மாடி பால்கனியில் நின்று பார்த்தான்.

சிக்னலில் பச்சை விழுந்ததும் அம்மா வண்டியை ரோட்டில் இறக்கினாள். அந்தப் பச்சை அவளுக்கு அத்துப்படி. அது சிமிட்டத் தொடங்கும்போது வண்டி எதிர்க்கரை ஏறியிருக்கும். அன்று சிமிட்டியபோது அவள் நடு ரோட்டில் இருந்தாள். மற்றவர்கள் எல்லாரும் தாண்டிப் போய்விட்டார்கள். உடம்பாலேயே வண்டியைத் தள்ளுகிறவள்போல அம்மா முன்னால் சாய்ந்தாள்.

லிஃப்ட் கூண்டுக்கு எதிரே எதுவும் வராது. ரோட்டில் வரும். அது அவனுக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது.

சரக்கு வேன் பிரேக் போட்டும் நிற்காமல் வண்டியின் கால்தாங்கியில் இடித்தது. அவன் லிஃப்டுக்குக் காத்திராமல் படிகளில் ஓடினான்.

வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. வண்டி ஓட்டும் கை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா கூரையைப் பார்த்தபடி பேசினாள். "என் கணக்குத் தப்பிடுச்சுடா. எத்தனை தடவை தாண்டின ரோடு! என்னையே நம்ப முடியலை."

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் தையல்கார அக்கா முந்திக்கொண்டாள். "பேட்டரி பழசுன்னு தெரிஞ்சும் அனுப்பலாமா தம்பி?"

அவன் தரையைப் பார்த்தான். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் திருகைப் பழையபடி திருப்பி வைத்தான்.

மாவுக்கட்டுப் பிரித்த அன்று அம்மா தயங்கித் தயங்கி வண்டியில் உட்கார்ந்து விசையைத் தொட்டாள். வண்டி துள்ளிப் பாய்ந்து செருப்பு அலமாரியில் முட்டியது. அவள் குனிந்து பார்த்தாள். பேட்டரி அதேதான். அடையாளத்துக்கு அவள் கட்டிய சிவப்பு நாடாகூட அப்படியே இருந்தது.

"என்னடா பண்ணின?"

"அரைத் திருகும்மா. உனக்கு எதுவும் ஆகக் கூடாதுன்னு..."

அவள் விசையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்போ என் கணக்குத் தப்பலை."

"தப்பலைம்மா."

வெளிச்சம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. "தப்பலைன்னா மட்டும்? நாளைக்கு நீ எதைத் திருகுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தியமா இனிமே..."

"பின்னாடி வரமாட்டேன்னும் சத்தியம் பண்ணின. வரலைதான்."

சாவியைத் திருப்பி எடுத்து அவன் கையில் வைத்தாள். "நீயே தள்ளு."

சனிக்கிழமை அவன் தள்ளிக்கொண்டு போனான். வண்டி கனத்தது. பச்சை விழுந்தபோது அம்மா சிக்னலைப் பார்க்கவே இல்லை, மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்திரமாகத் தாண்டினார்கள்.

கடையில் அவன் இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். சீட்டுப் போட்டார்கள். அம்மா வந்த சீட்டை எடுத்தாள், முறை வந்ததும் ஒன்றைக் கீழே வைத்தாள், ஒருத்தர் சீட்டையும் எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் தையல்கார அக்கா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டாள்.